மூன்றாவது பீலில் நடந்தது: ஒரு முகப்பரு சிகிச்சையின் முழுப் பதிவு

இந்தப் பதிவில் வருபவர் 23 வயதுப் பெண். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மிதமான முகப்பருவுக்கு மருந்தும், அதற்குத் துணையாக ஐந்து கெமிக்கல் பீல்களும் (அமிலம் பூசித் தோலின் மேற்பரப்பை உரிக்கும் சிகிச்சை) கொடுத்தோம். நான்கு பீல்கள் நன்றாகப் போயின. மூன்றாவதில் வலது தாடை ஓரத்தில் தோல் வெந்து, அந்த இடம் கறுத்து, தெளிவதற்கு ஐந்து மாதம் ஆனது. நன்றாகப் போன நான்கைவிட அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அதற்குக் காரணம், அன்று நான் கேட்ட ஒரு கேள்வி.

முதல் நாள்

வரும்போதே முடிவோடு வந்திருந்தார். "மாத்திரை, கிரீம் எல்லாம் போட்டு அலுத்துப்போச்சு டாக்டர். பீல் மட்டும் பண்ணிவிடுங்க, போதும்." மூன்று வாரத்தில் அவருக்கு ஒரு முக்கியமான நாள் இருந்தது. அதற்குள் முகம் தெளிந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

16 வயதில் நெற்றியில் தொடங்கிய பரு, இரண்டு ஆண்டுகளில் கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கியிருக்கிறது. இடையில் தானாகக் குறைவதும் மறுபடி பொங்குவதுமாக இருந்திருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, முகத்தில் தடித்த முடி வளரவில்லை, தலைமுடி மெலியவும் இல்லை. எனவே ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. பீல் செய்வதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய விஷயங்கள் சில உண்டு: கர்ப்பம், ஆஸ்பிரின் ஒவ்வாமை, உதட்டோரம் திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸ் கொப்புளம், காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் கீலாய்டு. இவருக்கு எதுவும் இல்லை. கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இதுவரை எடுத்ததில்லை. அந்த மாத்திரை எடுத்தவர்கள் நிறுத்தி ஆறு மாதம் கழித்தே பீல் செய்யவேண்டும் என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். மேலோட்டமான பீல்களுக்கு அவ்வளவு காத்திருக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-ல் வெளியான நிபுணர் கருத்துகள் அந்த விதியைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

"இப்போ முகத்துக்கு என்ன மருந்து போடுறீங்க?" என்று கேட்டேன். "எதுவும் இல்லை டாக்டர்" என்றார்.

முகத்தில் படும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது என் பழைய வழக்கம். மறுநாள் எடுத்து வந்தார். பையில் இரண்டு ஃபேஸ்வாஷ், சொரசொரப்பான ஒரு ஸ்க்ரப், பிசுபிசுவென்ற ஒரு கட்டி மாய்ஸ்சரைசர், அப்புறம் பாதி தீர்ந்த ஒரு ட்யூப். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. முகம் பளிச்சென்று ஆகும் என்று தோழி ஒருவர் கொடுத்தது. நான்கு மாதமாக விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார். கடைசியாகப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, நிறம் கூட்டும் கிரீம்.

இந்தப் பையை நான் நன்றாக நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முகத்தில் கண்டது

நெற்றியிலும் மூக்கிலும் அடைபட்ட துளைகள் நிறைய. திறந்த முனையுள்ள கரும்புள்ளிகளையும், தோலுக்கடியில் அரிசிமணிபோல் தெரியும் மூடிய பருக்களையும் சேர்த்து எண்ணியதில் 52 இருந்தன. கன்னங்களில் சிவந்த பருக்கள் 21, சீழ்ப் பருக்கள் 6. ஆழமான கட்டிகள் எதுவும் இல்லை. தாடை ஓரங்களில் பழைய பருக்கள் விட்டுப்போன கறுப்புத் தடங்கள். நெற்றிப்பொட்டுகளுக்குப் பக்கத்தில், ஊசியால் குத்தியது போன்ற குறுகலான குழித்தழும்புகள் நான்கைந்து.

கன்னத்துப் பருக்கள் ஒரே அளவில், ஒரே வார்ப்பில் எடுத்தது மாதிரி இருந்தன. சாதாரண முகப்பருவில் கரும்புள்ளியும் சிவந்த பருவும் சீழும் ஆறிய தடமும் கலந்து கிடக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஸ்டீராய்டையோ, மலசீசியா பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியையோ சந்தேகிக்க வேண்டும். பூஞ்சை என்றால் நன்றாக அரிக்கும். இவருக்கு அரிப்பு இல்லை. ட்யூபும் கையில் இருந்தது.

தோல் நிறம் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே. வெயில் பட்டால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த பிரிவு இது. முதலில் வெளுத்த தோலுக்கான நான்கு வகைகள்தான் இருந்தன. பழுப்பும் கறுப்புமான தோலுக்கு ஐந்தும் ஆறும் பின்னால் சேர்ந்தன. பீல் செய்பவருக்கு இந்த எண் வெறும் குறிப்பு அல்ல. நான்கு முதல் ஆறு வரையான தோலில் எந்தக் காயமும், எந்த அழற்சியும் கறுப்பாகத் தடம் விட்டுப்போகும். பருவே அப்படித்தான் தடம் விடுகிறது. அந்தத் தடத்தைப் போக்கப் பூசும் அமிலமும் கைதவறினால் அதையேதான் செய்யும்.

வுட்ஸ் விளக்கின் ஊதா ஒளியில் பார்த்தபோது தாடைத் தடங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. அதாவது நிறமி பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது. சாம்பல் நீலமாக, உள்தோலில் இறங்கிய நிறமியாக இருந்திருந்தால் மேலோட்டமான பீலால் பெரிய பலன் கிடைத்திருக்காது.

ஏன் அன்றே செய்யவில்லை

ஸ்டீராய்டு பட்டு மெலிந்து, இன்னும் அடங்காமல் இருக்கும் முகத்தில் அமிலம் பூசக்கூடாது. அன்றைக்கு மறுக்க இந்த ஒரு காரணமே போதும். ஆனால் அவருக்கு நான் விளக்க விரும்பியது வேறு.

பரு உருவாக நான்கு விஷயங்கள் சேர வேண்டும். மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்வது. எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரப்பது. அந்த எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுவது (2016-ல் பெயர் மாறியது, அதற்கு முன் புரோப்பியோனிபாக்டீரியம்). இதற்கெல்லாம் உடல் காட்டும் அழற்சி. பீல் நேரடியாகக் கைவைப்பது முதலாவதில்தான். அடைப்பை இளக்கும், மேல்தோலின் நிறமியைக் கொஞ்சம் உதிர்க்கும், சாலிசிலிக் அமிலம் என்றால் அழற்சியையும் ஓரளவு தணிக்கும். எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்று கண்ணுக்குத் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே நுண்ணிய அடைப்பாகத் தொடங்கியது. மேலே இருப்பதை உரித்தாலும் அடியில் அடுத்த வரிசை தயாராக நிற்கும். அதைத் தடுப்பது தினமும் இரவில் பூசும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்துதான்.

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-ல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டுதல் பென்சாயில் பெராக்சைடையும் பூச்சு ரெட்டினாய்டையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கெமிக்கல் பீல் பற்றி, பரிந்துரை சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்கிறது. பீல் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல ஆய்வுகள் குறைவு என்றுதான் அர்த்தம். என் அனுபவத்தில், அடைபட்ட துளைகள் அதிகமாகவும் கறுப்புத் தடங்கள் மேலோட்டமாகவும் இருப்பவர்களுக்கு அது நல்ல துணை. பருவுக்குத் தனிச் சிகிச்சையாக நான் அதைச் செய்வதில்லை.

மூன்று வாரக் கணக்கு நடக்காது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அதை ஈடுகட்ட என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு பீல் செய்திருந்தால் தோல் உரிந்தும் உரியாமலும் நின்றிருப்பார் என்பதை மட்டும் சொன்னேன். திரும்பி வருவாரா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வந்தார்.

பீலுக்கு முன் ஆறு வாரம்

ஸ்க்ரப்பையும் ட்யூபையும் கட்டி மாய்ஸ்சரைசரையும் முதல் நாளே ஒதுக்கினோம். ஸ்டீராய்டை நிறுத்தினால் சில நாளில் முகம் சிவந்து பரு பொங்கும், பயந்துபோய் மறுபடி அதையே தொடாதீர்கள் என்று எச்சரித்தேன். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நிறுத்தினால் பொங்குகிறது, போட்டால் அடங்குகிறது, ஆகவே கிரீம் நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

காலையில் பாக்டீரியாவைக் கொல்லும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. 5, 10 சதவீதத்துக்கு ஏறக்குறைய இணையாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. (துணியை வெளுக்கும், தலையணை உறை, துண்டு எல்லாம் வெள்ளையாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் நோயாளி மருந்தையே நிறுத்திவிடுவார்.) இரவில் அடாபலீன் என்ற ரெட்டினாய்டின் 0.1 சதவீத ஜெல், முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு தினமும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆறு வாரத்துக்கு மட்டும். மென்மையான ஃபேஸ்வாஷ், லேசான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். டாக்சிசைக்ளின் வெயிலில் தோலை எளிதில் எரியவைக்கும் என்பதால் அது முடிந்த பிறகே பீல் என்று வைத்துக்கொண்டோம்.

ஆறாம் வார முடிவில் அடைப்புகள் 38, சிவந்த பருக்கள் 8, சீழ்ப் பரு 1. கன்னத்துச் சிவப்பு நன்றாக இறங்கியிருந்தது. அடாபலீனைத் தோல் எரிச்சலில்லாமல் ஏற்றுக்கொண்டதும் ஒரு நல்ல அறிகுறி. பீலுக்கு முன் தோலைப் பழக்குவது என்று சொல்வது இதைத்தான். சீராகப் பழகிய தோலில் அமிலமும் சீராக இறங்கும், திட்டுத்திட்டாக இறங்காது.

எந்த அமிலம்

தோலை உரிக்க அமிலம் பூசுவது புதிய விஷயம் இல்லை. ஜெர்மன் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882-லேயே சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவைத்தார். இன்று கையில் இருப்பவற்றில் பாதி அந்தப் பட்டியல்தான். கிளைகோலிக் போன்ற ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள் மட்டும் பின்னால் வந்தன; 1974-ல் வான் ஸ்காட்டும் யூவும் அவற்றை மீன்செதில் போல் தோல் காயும் நோய்களுக்குப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து அவை பரவின.

இவருக்கு நான் எடுத்தது சாலிசிலிக். காரணம் எளிது: அது எண்ணெயில் கரையும். பருவின் அடைப்பே எண்ணெயும் செல்களும் சேர்ந்த ஒரு மெழுகுக் கட்டி. கிளைகோலிக் நீரில் கரைவது. மூலக்கூறு மிகச் சிறியது, எடை 76 டால்டன், விரைவாக உள்ளே போகும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம் போகும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்து சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலைப்படுத்தியே ஆகவேண்டும். சாலிசிலிக்கில் அந்தப் பதற்றம் குறைவு. கரைப்பானான ஆல்கஹால் ஆவியானதும் அமிலம் படிகமாகித் தோல்மேல் நின்றுவிடும், அதற்கு மேல் பெரிதாக இறங்காது.

டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை இந்த நிறத் தோலில் முகம் முழுக்கப் பூச நான் துணிவதில்லை. அது தோலின் புரதத்தையே உறையவைக்கிறது. கறுக்கும் வாய்ப்பு அதிகம். ரெசார்சினால், சாலிசிலிக், லாக்டிக் அமிலம் ஒவ்வொன்றும் 14 சதவீதம் ஆல்கஹாலில் கலந்த ஜெஸ்னர் கரைசல் பருவுக்கு நல்லதுதான். ஆனால் மூன்று பொருள் சேர்ந்ததில் எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டிலிருந்து மீண்டுவரும் முகத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்று நினைத்தேன். மாண்டலிக் அமிலம் இன்னொரு வாய்ப்பாக இருந்தது. மூலக்கூறு எடை 152, கிளைகோலிக்கின் இரண்டு மடங்கு, மெதுவாக இறங்கும். யோசித்துப் பார்த்தால் அதில் தொடங்கியிருக்கலாம்தான்.

முதல் இரண்டு பீல்கள்

பீலுக்கு ஐந்து நாள் முன்பே அடாபலீனையும் பெராக்சைடையும் நிறுத்தச் சொன்னோம். ஒரு வாரத்துக்கு முகத்தில் முடி நீக்குதல், ப்ளீச், ஃபேஷியல் எதுவும் கூடாது.

படுக்கையின் தலைப்பக்கம் உயர்த்தி, முகம் கழுவி, ஆல்கஹால் தோய்த்த காஸால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தோம். இந்தத் துடைப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அங்கே அமிலம் கூடுதலாக இறங்கும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாசலின். கண்மேல் ஈரக் காஸ். பிறகு 20 சதவீத சாலிசிலிக் கரைசலை நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை, கடைசியாக மூக்கு என்று பூசினோம். பக்கத்தில் ஒரு சிறு மின்விசிறி. முதல் இரண்டு நிமிடம் எரிச்சல் ஏறும், அப்புறம் தானாகவே இறங்கும். சாலிசிலிக்குக் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. எரிச்சல் எங்கே, எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்வேன்.

ஒரு நிமிடத்துக்குள் முகம் முழுக்க மாவு தூவியது போல் வெளுத்துவிடும். பார்ப்பவர் பயந்துவிடுவார். இது அமிலத்தின் படிகம்தான், ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். தோலின் புரதமே உறைந்து வெளுப்பது வேறு. அது துடைத்தால் போகாது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பீல் செய்யும் ஒவ்வொருவரும் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

மூன்று நிமிடத்தில் குளிர்ந்த நீரால் கழுவி, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போட்டு அனுப்பினோம். இரண்டாம் நாள் முதல் மூக்கோரத்திலும் வாயோரத்திலும் மெல்லிய செதில்கள் உரிந்தன, ஐந்தாம் நாள் முடிந்தது. நடுவில் இரண்டு சீழ்ப் பருக்கள் புதிதாகக் கிளம்பின. முதல் பீலுக்குப் பிறகு இது சகஜம், தானாக அடங்கிவிட்டது. அதன் பிறகு அடாபலீனை மறுபடி தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பீல், 30 சதவீதம், அதே மூன்று நிமிடம். சொல்ல ஒன்றுமில்லாத அளவு சுமுகமாகப் போனது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முதுகிலும் பரு இருந்தால் ஒரே நாளில் அங்கும் பூசிவிடலாமே என்று கேட்பார்கள். சாலிசிலிக் அமிலம் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். அதிகப் பரப்பில் பூசினால் காதில் இரைச்சல், தலைசுற்றல், வேகமான மூச்சு என்று நச்சுத்தன்மை காட்டும். முகம் ஒரு நாள், முதுகு இன்னொரு நாள்.

மூன்றாவது பீல்

பத்தாவது வாரம். அடைப்புகள் 21 ஆகக் குறைந்திருந்தன. சிவந்த பருக்கள் 5, சீழ் இல்லை. அவருக்கும் உற்சாகம், எனக்கும். "மருந்தெல்லாம் நிறுத்தியாச்சாம்மா?" என்று கேட்டேன். "அஞ்சு நாள் ஆச்சு டாக்டர்" என்றார். 30 சதவீதம், இந்த முறை நான்கு நிமிடம் என்று முடிவுசெய்து தொடங்கினேன்.

இரண்டாவது நிமிடம். "இங்க மட்டும் ரொம்ப எரியுது டாக்டர்." வலது தாடை ஓரம். எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு." நெற்றி மூன்றுதான். ஈரக் காஸால் அந்த இடத்தைத் துடைத்தேன். மாவுப் படிகம் வந்துவிட்டது. அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் வெள்ளையான ஒரு திட்டு அப்படியே நின்றது. சுற்றிலும் தோல் சிவந்து உப்பியது. உடனே முகம் முழுவதும் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்தோம். இருபது நிமிடத்தில் எரிச்சல் மூன்றுக்கு இறங்கியது. திட்டு போகவில்லை.

அப்போதுதான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "இந்த ஒரு வாரத்துல முகத்துல என்னெல்லாம் போட்டீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

ஒரு சீரம். அடாபலீன் போடாத ஐந்து இரவுகளில் முகம் சும்மா இருக்கிறதே என்று புதிதாக வாங்கியிருக்கிறார். பாட்டிலின் படத்தைப் போனில் காட்டினார்: 10 சதவீத கிளைகோலிக் அமிலம், கூடவே ரெட்டினால். கறுப்புத் தடம் சீக்கிரம் போகட்டும் என்று வலது தாடையில் மட்டும் ஒவ்வொரு இரவும் இரண்டு தடவை பூசியிருக்கிறார். சரியாக அந்த இடம். "அது மருந்து இல்லையே டாக்டர், அழகு சாதனம்தானே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தினீர்களா என்று கேட்டேன், நிறுத்தியிருந்தார். முதல் நாள் ஸ்டீராய்டு ட்யூபையே மருந்தாக நினைக்காதவர் இவர் என்று எனக்குத் தெரியும். பை கொண்டுவரச் சொல்லித்தான் அன்று கண்டுபிடித்தேன். பத்து வாரம் கழித்து, எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தைரியத்தில், பையையும் மறந்து கேள்வியையும் சுருக்கிவிட்டேன். தோலின் காப்புப் படலம் ஐந்து இரவுகளாக அங்கே மெலிந்துபோயிருந்தது. மற்ற இடத்தில் மேலோடு நின்ற அமிலம் அங்கே ஆழமாக இறங்கிவிட்டது.

வெந்த இடமும் கறுத்த தடமும்

மறுநாள் சிறு நீர்க்கொப்புளம். நான்காம் நாள் பழுப்புப் பொருக்கு. ஒன்பதாம் நாள் பொருக்கு தானாக விழுந்து இளஞ்சிவப்பான புதுத்தோல். அதுவரை வாசலினைத் தடிமனாகப் பூசி ஈரமாகவே வைத்திருந்தோம். பொருக்கைக் கிள்ளக்கூடாது, வெயிலில் போகக்கூடாது. அழற்சியை முளையிலேயே தணித்தால் கறுப்பது குறையும் என்பதால் இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்டீராய்டு பூசுவார்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தயங்கினேன். கடைசியில் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், திட்டைச் சுற்றியுள்ள சிவப்பில் மட்டும், மூன்று நாள் கொடுத்து, நான்காம் நாள் ட்யூபைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

மூன்றாம் வாரம் அந்த இடம் கறுத்தது. இருந்த பழைய தடத்தைவிடக் கறுப்பாக. அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். "நானே கெடுத்துக்கிட்டேனா டாக்டர்?" என்றார். இல்லை, நான் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். இதை நோயாளியிடம் சொல்லலாமா என்று சக மருத்துவர்கள் சிலர் பின்னால் கேட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அடுத்த முறை எனக்குப் பயந்து இன்னும் கொஞ்சம் மறைத்திருப்பார்.

புதுத்தோல் உறுதியானதும் 15 சதவீத அசெலாயிக் அமிலம் இரண்டு வேளை. அது பருவுக்கும் உதவும், நிறமிக்கும் உதவும். சன்ஸ்கிரீனை மட்டும் மாற்றினோம்: இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுத்த தோலில் நிறமியைத் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். அடாபலீனைத் திட்டைத் தவிர்த்து மற்ற இடங்களில் தொடர்ந்தார்.

மீண்டும் தொடங்கியது

இனிமேல் பீலே வேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர்தான் கேட்டார். நெற்றியில் கண்ட வித்தியாசம் அவருக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து, கறுத்த திட்டை வாசலினால் மூடிவிட்டு, 40 சதவீத மாண்டலிக் அமிலத்தில் நான்காவது பீல். மூன்று வாரம் விட்டு ஐந்தாவது. இரண்டிலும் லேசான சிவப்பு மட்டுமே, மாலைக்குள் அடங்கியது.

32-வது வாரம் கணக்கெடுத்தபோது அடைப்புகள் 7, சிவந்த பருக்கள் 2. இதில் பீலுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால் என்னால் பிரிக்க முடியாது. ஆறாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரத்துக்குள் அடைப்புகள் 38-லிருந்து 21 ஆனது பீலின் வேலை போலத் தெரியும். ஆனால் அடாபலீன் முழுப் பலன் காட்டுவதும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில்தான். முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் பீல் செய்து ஒப்பிட்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். பீலுக்கு முன், பின் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் யாரிடமும், நடுவில் இரவு என்ன மருந்து பூசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் படிவத்தில் இருந்த "மருந்துகளை நிறுத்தினீர்களா?" என்ற வரியை எடுத்துவிட்டோம். "கடந்த 7 நாளில் முகத்தில் பட்ட ஒவ்வொன்றையும் சொல்லுங்கள்" என்று இருக்கிறது இப்போது. அடியில் சீரம், டோனர், மாஸ்க், ஸ்க்ரப், முடி நீக்குதல், ஷேவிங், பிறர் கொடுத்த கிரீம் என்று தனித்தனியாக டிக் செய்யும் கட்டங்கள். ஒவ்வொரு பீலுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும், பையும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். முதல் பூச்சுக்கு முன், காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் பூசி இரண்டு நிமிடம் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அது மட்டும் இவரைக் காப்பாற்றியிருக்காது. சீரம் பட்டது தாடையில்.

தாடைத் திட்டு இப்போது சாதாரண வெளிச்சத்தில் தெரிவதில்லை. வுட்ஸ் விளக்கில் மங்கலாக ஒரு ஓரம் தெரிகிறது. நெற்றிப்பொட்டோரத்துக் குழித்தழும்புகள் அப்படியேதான் இருக்கின்றன. மேலோட்டமான பீல் அவற்றைத் தொடாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். அவற்றுக்கு அடர்த்தியான டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் குச்சி முனையால் குழிக்குள் மட்டும் வைக்கும் கிராஸ் என்ற முறை உண்டு. 2002-ல் கொரிய மருத்துவர்கள் விவரித்தது. தாடையில் என்ன நடந்தது என்று பார்த்த பிறகு இந்தத் தோலில் அதற்கு நான் அவசரப்படவில்லை. புதுப் பரு வராமல் ஓராண்டு போகட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரை வாரம் மூன்று இரவு அடாபலீன்.